இருப்பதா, பெயர்வதா?



நூம்பலில் இன்று வீட்டுக்கு வீடு இதே பேச்சு: இங்கேயே இருப்பதா, திருவள்ளூர்ப் பக்கம் பெயர்ந்துவிடுவதா? குமணன்சாவடியில் மெட்ரோத் தூண்கள் எழுந்தன. நம் வாடகையும் கூடவே எழுந்துவிட்டது.

வாடகையை மட்டும் பார்த்துக் கிளம்பலாகாது. அங்கே 20 இலட்சத்துக்கு வீடு வாங்கினால், முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 விழுக்காடு; 1,80,000 ரூபாய் பத்திரப் பதிவுக்கே போய்விடும். (10 இலட்சத்துக்குள்ளான சொத்தைப் பெண்கள் பெயரில் பதிந்தால், 2025 ஏப்ரல் முதல் பதிவுக் கட்டணத்தில் 1 விழுக்காடு குறைவு. ஆண்கள் மன்னிப்பார்களாக!) வேலை அம்பத்தூர் எஸ்டேட்டிலேயே இருக்குமானால், தினசரிப் பயணச் செலவோடு, பிள்ளைகளிடம் உட்கார்ந்து பேசும் மாலை நேரமும் கரைந்துபோகும்.

ஆனால் சம்பளத்தில் பாதி வாடகைக்கே போய், மாதக் கடைசியில் வட்டிக்கு வாங்கும் குடும்பத்தை, 'பங்கை விட்டுப் போகாதீர்கள்' என்று நாம் பிடித்துவைப்பது நியாயமன்று. கோவிலில் ஆள் குறையும் என்பது நம் கவலை. அதை அவர்கள் தலையில் ஏற்றலாகாது. முதலில் அங்கே ஆறு மாதம் வாடகைக்கு இருந்து பார்க்கட்டும். தண்ணீரும் ரயிலும் பள்ளியும் ஒத்துவந்தால் பிறகு வாங்கலாம். ஞானஸ்நானச் சான்றும் அடுத்த பங்குக்கு அறிமுகக் கடிதமும் கேட்பவர்களுக்கு அன்றே எழுதித் தருகிறோம்.