மணியாச்சி ரயிலடி சொல்லும் பாடம்
(ஜூபிலி விழா உரை)



ஊரின் பெருமையைக் கோபுரத்தாலும் கோட்டையாலும் அளப்பது உலக வழக்கம். இன்று நாம் கரிசல் பூமியிலுள்ள ஒரு சிற்றூரின் ரயிலடியைப் பற்றிச் சிந்திப்போம். அது தூத்துக்குடி மாவட்டத்து மணியாச்சி.

மதுரையிலிருந்து தூத்துக்குடித் துறைமுகத்திற்குத் தென்னிந்திய ரயில்வே 1876-இல் மீட்டர்கேஜ் பாதை திறந்தது. அதில் திருநெல்வேலிக் கிளை பிரியும் இடமே மணியாச்சி. கொழும்பிலிருந்து கப்பலில் வந்தோர் தூத்துக்குடியில் போட் மெயில் ஏறுவர். திருநெல்வேலியிலிருந்து வருவோர் அந்த மெயிலுக்காக மணியாச்சியில் காத்திருப்பர்.

1911 ஜூன் 17 காலை, திருநெல்வேலிக் கலெக்டர் ஆஷ் துரை கொடைக்கானல் செல்லத் தம் மனைவியுடன் அவ்வாறே வண்டியில் காத்திருந்தார். செங்கோட்டை இளைஞர் வாஞ்சிநாதன் முதல் வகுப்புப் பெட்டியில் ஏறி அவரைச் சுட்டுக் கொன்றார். பின்பு நிலையத்துக் கழிப்பறைக்குள் புகுந்து தம்மையும் மாய்த்துக்கொண்டார்.

இதன் வேர் எங்கே? கொழும்புக் கடலில் நம்மவர் கப்பல் ஓடவேண்டுமென்று வ.உ. சிதம்பரனார் 1906-இல் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கினார். 1908-இல் அவருக்கு இரட்டை ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. மேல்முறையீட்டில் அது குறைந்தது. ஆயினும் கம்பெனி நிலைக்கவில்லை. இந்த அடக்குமுறையில் ஆஷுக்கும் பங்குண்டு என்று சுதேசிகள் கொதித்தனர். முறையிட வழியில்லாத குறை முடிவில் துப்பாக்கியாய் வெடித்தது.

1914-இல் தனுஷ்கோடி வழி திறந்ததும் போட் மெயில் அப்பக்கம் திரும்பிற்று. மீட்டர்கேஜ் பாதையும் பின்னாளில் அகலப்பாதையாயிற்று. நிலையம் இன்று வாஞ்சி மணியாச்சி என்று அழைக்கப்படுகிறது.

அங்கே வண்டி மாறும்போது, "யார் இந்த வாஞ்சி?" என்று பிள்ளைகள் கேட்டால் நாம் என்ன சொல்வோம்? ஐந்தாம் கட்டளையைக் கற்ற நாம் கொலையைப் புகழ இயலாது. அதற்காக, அந்த இளைஞரை அந்த எல்லைக்குத் தள்ளிய அடிமைத்தனத்தை மறைப்பதும் உண்மைக்குச் செய்யும் துரோகமே. இறந்த இருவருக்கும் குடும்பம் இருந்தது. இரு வீட்டிலும் அழுகை எழுந்தது. இதையும் சேர்த்தே சொல்வோம்.

நம் வீட்டிலும் ஊரிலும் எளியவர் முறையிட வரும்போது, அவர் குரல் கோபமாய் மாறுமுன்பே செவிகொடுப்போம். இந்த ஜூபிலி ஆண்டில் நாம் எடுக்கும் தீர்மானம் அதுவாக இருக்கட்டும்.