படிக்கிற பிள்ளைகள் வேலைக்குப் போகலாமா?

(தியாகராய நகரில் மாணவர்களும் பெற்றோர்களும் கூடிய கூட்டமொன்றில் பேசியதன் சாரம்)



ஹைஸ்கூல் பிள்ளைகள் சிலர் என்னிடம் வந்து, "லீவு நாளில் ரங்கநாதன் தெரு ஜவுளிக் கடைக்கு வேலைக்குப் போகலாமா? அது கவுரவக் குறைவா?" என்று கேட்டார்கள். அதைப் பற்றியே சில வார்த்தை சொல்லுகிறேன்.

கையால் உழைக்கிறவன் கீழ், உட்கார்ந்து சாப்பிடுகிறவன் மேல் என்று நம் தலையில் ஏற்றி வைத்த ஜாதிப் புத்தியைத் தவிர, இந்தக் கவுரவத்திற்கு வேறு ஆதாரம் உண்டா? மயிலாப்பூர் பங்களாப் பிள்ளை லீவில் கம்பெனிக்குப் போனால் அதற்கு 'அனுபவம்' என்று பெயர். குப்பத்துப் பிள்ளை கடைக்குப் போனால் 'தலைவிதி' என்று பெயர். உழைப்பு ஒன்றாயிருக்கப் பெயர் மட்டும் ஏன் இரண்டு?

"அப்படியானால் 1953-ல் ராஜாஜி கொண்டுவந்த திட்டத்தை நம் இயக்கத்தார் ஏன் எதிர்த்தார்கள்?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. அத்திட்டப்படி கிராமத்து ஆரம்பப் பள்ளிப் பிள்ளைக்கு அரை நாள் படிப்பு. மீதி நேரம் தகப்பன் தொழில். அதாவது வெளுப்பவன் மகன் வெளுக்க வேண்டும், சிரைப்பவன் மகன் சிரைக்க வேண்டும். வேலையைப் பிள்ளை தேடவில்லை. பிறப்பு தேடிக் கொடுத்தது. ஆகையால்தான் அதற்குக் குலக்கல்வி என்று பெயர் வந்தது. 1954-ல் காமராஜர் முதல் மந்திரியானதும் அது ஒழிந்தது. இருவருமே இந்தத் தியாகராய நகரில் குடியிருந்தவர்கள்தாம். ஒருவர் பசுல்லா சாலை, மற்றவர் திருமலைப் பிள்ளை சாலை. நடந்து போகிற தூரந்தான். புத்தியிலோ எவ்வளவு தூரம்!

இங்கிலாந்தில் மைக்கேல் பாரடே என்பவர் கொல்லன் மகன். 1805-ல், 14 வயதில், புத்தகம் பைண்டு செய்யும் கடைக்கு வேலை பழகப் போனார். தைக்க வந்த புத்தகங்களைப் படித்தார். 1831-ல் காந்தத்தைக் கொண்டு மின்சாரம் உண்டாக்கும் வழியைக் கண்டார். "குலத்தொழிலைச் செய்" என்று அவரை உலைக்களத்தில் நிறுத்தியிருந்தால்?

ஆகவே வேலைக்குப் போங்கள்; கண்ணைத் திறந்துகொண்டு போங்கள். 14 வயது முடியாத பிள்ளையை வேலைக்கு வைப்பது குற்றம். 18 வயது வரை வெடிமருந்து, சுரங்கம் போன்ற ஆபத்தான வேலை கூடாது. 1947-ம் வருஷத்துக் கடைகள் சட்டப்படி 17 வயது நிரம்பாதவரைக் காலை 6 மணிக்கு முன்னும் மாலை 7 மணிக்குப் பின்னும் வேலை வாங்கக் கூடாது. தீபாவளிக் கூட்டத்தில் ராத்திரி வரை நிற்கச் சொன்னால் "முடியாது" என்று சொல்லுங்கள்.

பெற்றோர்களே! 2016-ல் திருத்திய சட்டம், 14 வயதுக்குட்பட்ட பிள்ளையும் பள்ளி நேரம் போகக் குடும்பத் தொழிலில் உதவலாம் என்று ஒரு சந்து விட்டிருக்கிறது. 1954-ல் முன்வாசலில் துரத்தியது கொல்லைப்புறமாக வராமல் காப்பது உங்கள் பொறுப்பு.

நானும் பத்தாவது படிக்கையில் ஒரு கடையில் ஆறு வாரம் நின்றேன். "கடைசியில் சேர்த்துத் தருகிறேன்" என்றார் முதலாளி. பாதிதான் வந்தது. கூலி எவ்வளவு, எந்த நாளில் என்று முதலிலேயே கேளாதவன் பின்னால் அழுவான் என்பதை அங்கேதான் படித்தேன்.

கூலி உங்கள் கைக்கு வரவேண்டும். படிப்புக் கெடுமானால் அந்த வேலையை விட்டுவிடுங்கள். பெண் பிள்ளைகளுக்கும் இதே நியாயந்தான். வீட்டில் அவர்கள் செய்கிற வேலைக்குக் கூலி என்ற பேச்சே கிடையாதே!

நான் சொன்னேன் என்பதற்காக ஒப்புக்கொள்ள வேண்டாம். வீட்டுக்குப் போய் யோசியுங்கள். சரியென்று பட்டால் செய்யுங்கள்.