குடற்புழுவும் மேய்க்கால் நிலமும்



நில உரிமை பேசும் மேடையில் ஆட்டின் வயிற்றுப் புழுவுக்கு என்ன வேலை என்று சிலர் நினைக்கலாம். சேரியில் ஆடுதான் சேமிப்பு. பள்ளிக் கட்டணமோ பிரசவச் செலவோ வந்தால் முதலில் விற்பது அதைத்தான். அந்தச் சேமிப்பைச் சத்தமில்லாமல் தின்பது குடற்புழு.

குடற்புழு என்று நாம் பொதுவாகச் சொல்பவற்றில் கொடியது ஹீமான்கஸ். ஆட்டின் நான்காம் இரைப்பையில் ஒட்டிக்கொண்டு இரத்தம் குடிக்கும். ஒரு புழு நாளொன்றுக்கு ஏறத்தாழ 0.05 மில்லி குடிக்கிறது. ஆயிரம் புழு இருந்தால் 50 மில்லி. 20 கிலோ ஆட்டின் உடம்பில் இருக்கும் மொத்த இரத்தமே ஒன்றரை லிட்டருக்குள்தான். கண் வெளுக்கும், தாடைக்குக் கீழ் நீர் கோத்து வீங்கும், பிறகு ஒரு நாள் காலையில் ஆடு எழுந்திருக்காது.

இந்தப் புழு எப்படிப் பரவுகிறது? ஒரு பெண் புழு நாளொன்றுக்கு 5,000 முதல் 10,000 முட்டை வரை இடும். அவை புழுக்கையோடு வெளியேறி, ஈரமும் வெப்பமும் இருந்தால் ஒரு வாரத்தில் இளம்புழுவாகிப் புல்லில் ஏறும். பெரும்பாலும் தரையிலிருந்து இரண்டு அங்குல உயரத்துக்குள்தான் இருக்கும். வெள்ளாடு இயல்பில் செடி கொடிகளின் தழையை எட்டிக் கடிக்கும் பிராணி. புதரும் மரமும் உள்ள இடத்தில் அதன் வாய் தரைக்கு அதிகம் வராது. பரந்த நிலமென்றால் மந்தை அதே இடத்துக்குத் திரும்ப நாளாகும். அதற்குள் வெயிலில் பெரும்பகுதி இளம்புழு செத்துவிடும்.

காட்டோரம் என்றாலே புழு வரும் என்பார்கள். மானுக்கும் ஆட்டுக்கும் பொதுவான புழுக்கள் இருப்பது உண்மைதான். ஆனால் காட்டை அழித்து, மந்தையைச் சாலையோரத்திலும் ஏரிக்கரையிலும் நெருக்கினால் என்ன ஆகும்? ஆடு தன் புழுக்கை விழுந்த கட்டைப் புல்லையே தினமும் கடிக்கும். ஏரியோர நத்தையிலிருந்து தட்டைப்புழுவும் சேர்ந்துகொள்ளும்.

இப்போது தேர்வாய் கண்டிகைக்கு வருவோம். பெரும்பாலும் தலித் மக்கள் வாழும் ஊர். மேய்ச்சலுக்கும் விறகுக்கும் மூலிகைக்கும் அவர்கள் நம்பியிருந்த மேய்க்கால் புறம்போக்கும் காடும் சேர்ந்த சுமார் 1,127 ஏக்கர் சிப்காட் தொழிற்பூங்காவுக்குப் போனது. அதில் 290 ஏக்கர் மிஷெலின் டயர் ஆலைக்கு. மக்கள் போராடினார்கள். 2012 ஜூலையில் ஊர்ச் சங்கம் பிரெஞ்சு அமைப்புகளோடு சேர்ந்து பிரான்சு அரசின் ஓஇசிடி தொடர்பு மையத்தில் புகாரும் கொடுத்தது.

அரசு ஏட்டில் 'புறம்போக்கு' என்றால் தனியார் யாருக்கும் சொந்தமில்லாத நிலம். பட்டா மறுக்கப்பட்டவனுக்கோ அது ஒன்றுதான் நிலம். 1891-இல் செங்கல்பட்டு ஆட்சியர் டிரெமென்ஹீர் பறையர் மக்களின் நிலமற்ற நிலையை அரசுக்கு எழுதினார்; 1892-இல் பஞ்சமி நில ஆணை வந்தது. அந்த நிலமும் பெருமளவு கைமாறிப்போனது நமக்குத் தெரியும். சொந்த வயல் உள்ளவன் தன் வரப்பில் தீவனம் வளர்ப்பான். ஆட்டைத் தவிர எதுவும் இல்லாதவன் எங்கே போவான்? ஆகவே புழுவின் பெருக்கத்துக்குள்ளும் சாதி இருக்கிறது.

இன்றே செய்ய வேண்டியவையும் உண்டு. ஆட்டின் கீழ் இமையை இழுத்துப் பாருங்கள். சிவப்பாக இல்லாமல் வெளுத்திருந்தால் உடனே கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். புழு மருந்தை எடைக்கேற்பக் கொடுங்கள். குறைத்துக் கொடுத்தால் புழு மருந்துக்குப் பழகிவிடும். வளர்க்கும் நாய்க்கும் மருந்து கொடுங்கள். நாயின் கொக்கிப்புழு மண்ணிலிருந்து வெறுங்காலில் நடக்கும் குழந்தையின் தோலுக்குள் நுழையும். அறுத்த ஆட்டின் பச்சைக் குடலையும் ஈரலையும் நாய்க்குப் போடாதீர்கள்.

ஆனால் மருந்து மட்டும் போதாது. மருந்து கொடுத்து அதே அழுக்குப் புல்லில் விட்டால் மூன்றே வாரத்தில் புழு திரும்பிவிடும். எனவே நம் கோரிக்கைகள் இவை: பறித்த மேய்க்காலுக்கு மாற்று மேய்ச்சல் நிலம் வேண்டும். சேரிக்குள்ளேயே கால்நடை மருத்துவ முகாம் நடக்க வேண்டும். மிச்சமிருக்கும் புறம்போக்கில் தழை மரங்கள் நட வேண்டும். கிராம சபையின் ஒப்புதல் இல்லாமல் பொது நிலத்தில் ஒரு சென்ட் கூடக் கைமாறக் கூடாது. 2011-இல் ஜக்பால் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றமே கிராமப் பொது நிலங்களைக் காக்கச் சொல்லியிருக்கிறது.

வரும் கிராம சபையில் இதைத் தீர்மானமாக்குங்கள். மருந்துப் புட்டியோடு நம்மைத் திருப்பி அனுப்பப் பார்ப்பார்கள். அதை வாங்கிக்கொள்வோம், நிலத்தையும் கேட்போம். ஜெய் பீம்!