இடையிசையையும் சேர்த்துக் கேளுங்கள்



பட்டமளிப்பு விழாவில் வேலை, முன்னேற்றம், நாட்டுக்கு ஆற்ற வேண்டிய கடமை என்று பேசுவது வழக்கம். அவற்றை என்னைவிட நன்றாகச் சொல்லக்கூடியவர்கள் இந்த மேடையிலேயே இருக்கிறார்கள். நான் ஓர் இசை ரசிகன். என் வாழ்நாளில் பெரும்பகுதி பாட்டுக் கேட்பதில் போயிருக்கிறது. அதனால் ரசிகராக இருப்பதைப் பற்றியே இன்று பேசுகிறேன். அது வேலையில்லாதவர்களின் பொழுதுபோக்கு என்று நினைப்பவர்கள் உண்டு. அது ஒரு படிப்பு, நீங்கள் இங்கே படித்த மூன்றாண்டைவிட நீளமான படிப்பு என்பது என் நம்பிக்கை.

இந்த மண்ணிலிருந்தே தொடங்குகிறேன். 1945ஆம் ஆண்டு நவம்பர் 30 அன்று வேலூரில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. கலைவாணி என்று பெயர் வைத்தார்கள். இசை தெரிந்த குடும்பம். கர்நாடக இசை கற்றுக்கொடுத்தார்கள், தீட்சிதர் கிருதிகளும் அதில் அடக்கம். எட்டு வயதில் சென்னை வானொலி நிலையத்தில் பாடினாள். இப்படித் தொடங்கிய குழந்தைகள் அந்தக் காலத்தில் பலர் உண்டு. ஆனால் இந்தச் சிறுமிக்கு இன்னொரு காதலும் இருந்தது: சிலோன் வானொலியில் வரும் இந்திப் பாட்டுகள்.

அந்த ஆண்டுகளை நினைத்துப் பாருங்கள். 1952இல் மத்திய அமைச்சராக வந்த பி.வி.கேஸ்கர், சினிமாப் பாட்டு செவியைக் கெடுக்கும் என்று கருதியவர். அகில இந்திய வானொலியில் திரைப்பாடல் அருகிப் போனது. கேட்க விரும்பியவர்கள் கடலுக்கு அப்பாலிருந்து வந்த இலங்கை ஒலிபரப்புக்கு முள்ளைத் திருப்பினார்கள். அமீன் சயானியின் 'பினாக்கா கீத்மாலா' நிகழ்ச்சி அங்கே தொடங்கியதும் அதே 1952இல்தான். வீட்டில் தீட்சிதர், வானொலிப் பெட்டியில் லதா மங்கேஷ்கர். இரண்டையும் ஒரே காதால் கேட்டு வளர்ந்தாள் அந்தப் பெண்.

எப்படிக் கேட்டாள் என்பதுதான் எனக்கு முக்கியம். பாட்டின் வரிகளையும் மெட்டையும் மனப்பாடம் செய்வது நாம் எல்லோரும் செய்வது. அவள் முன்னிசை, இடையிசை, வயலின் எழும் இடம், குழல் பதில் சொல்லும் இடம் என்று வாத்தியக்குழு முழுவதையும் மனதில் ஏற்றி, அப்படியே திருப்பிப் பாடிக் காட்டுவாள். பாடுபவர் வாயை மூடியிருக்கும் நேரத்திலும் பாட்டு நடந்துகொண்டிருக்கிறது என்பது அந்தப் பிஞ்சு வயதிலேயே அவளுக்குத் தெரிந்திருந்தது.

அவள்தான் வாணி ஜெயராம்.

வளர்ந்து ராணி மேரி கல்லூரியில் படித்தார். ஸ்டேட் வங்கியில் வேலைக்குச் சேர்ந்தார். திருமணமாகி மும்பை போனார். கணவர் ஜெயராமின் தூண்டுதலால் பாட்டியாலா கரானாவைச் சேர்ந்த உஸ்தாத் அப்துல் ரஹ்மான் கானிடம் இந்துஸ்தானி கற்றார். தும்ரி, கஜல், பஜன் எல்லாம் அங்கே வந்தன. பயிற்சி கடுமையானது, அதற்காக வங்கி வேலையை விட்டார். 1971இல் வசந்த் தேசாய் இசையில் 'குட்டி' என்ற இந்திப் படத்தில் பாடிய 'போலே ரே பபிஹரா' அவரை நாடறியச் செய்தது. தமிழில் 1974இல் 'தீர்க்க சுமங்கலி' வந்தது. எம்.எஸ்.விஸ்வநாதனின் இசையில் 'மல்லிகை என் மன்னன் மயங்கும்' என்ற பாட்டை இங்கே முடி நரைத்த யாரிடம் கேட்டாலும் உடனே முணுமுணுப்பார்கள். தேசிய விருது மூன்று முறை. 2023 ஜனவரியில் பத்மபூஷண் அறிவித்தார்கள். அதை வாங்குமுன், பிப்ரவரி 4 அன்று, காலமானார்.

அவர் சிறுமியாகக் கேட்ட அந்தக் கேட்பு, அவர் வங்கியிலேயே ஓய்வுபெற்றிருந்தாலும் மதிப்புக் குறைந்திருக்காது என்றே நினைக்கிறேன். புகழ் பிறகு வந்தது. கேட்ட காலத்தில் அவருக்குக் கிடைத்தது பாட்டு மட்டுமே, அது போதுமானதாகவும் இருந்தது.

அவருக்குப் பேர் வாங்கிக்கொடுத்த படங்களைச் சேர்த்துப் பார்த்தால் ஒன்று தென்படும். 'குட்டி' ஒரு ரசிகையின் கதை. நடிகர் தர்மேந்திராவை மனதில் வைத்துப் பூசிக்கும் பள்ளிச் சிறுமியை ஸ்டுடியோவுக்குக் கூட்டிப்போகிறார்கள். அங்கே நாயகனுக்குப் பதிலாக அடிபடும் சண்டைக் கலைஞர்களையும் வியர்த்து நிற்கும் லைட்பாய்களையும் அவள் பார்க்கிறாள். 'சங்கராபரணம்' பாடகரின் கதை என்பார்கள். என் கண்ணுக்கு அது துளசி என்ற ரசிகையின் கதையும்கூட. 'சுவாதி கிரணம்' படத்தில், ஒரு சிறுவன் தன்னைவிட நன்றாகப் பாடுவதைக் கேட்கப் பொறுக்காத வித்துவான் வருகிறார். நல்ல இசையைக் கேட்டு மகிழ முடியாமல் போனவன் எவ்வளவு பெரிய மேதையானாலும் என்ன ஆவான் என்று கே.விஸ்வநாத் காட்டியதைப் பார்த்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

வாணி ஜெயராம் மும்பையில் போய்க் கற்ற கஜல் உங்களுக்குத் தெருக்கோடியிலேயே இருக்கிறது. ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் முஷாயரா நடக்கும்போது போய் உட்கார்ந்து பாருங்கள், உருது தெரியாவிட்டாலும் பரவாயில்லை. கவிஞரைப் பார்க்க வேண்டாம், கூட்டத்தைப் பாருங்கள். நல்ல அடி வந்தால் 'வாஹ்' என்று எழுகிறது. 'முகர்ரர்' என்று யாரோ கேட்க, கவிஞர் அதே அடியை மீண்டும் சொல்கிறார். கேட்பவர் கேட்டால்தான் கவிதை இரண்டாம் முறை பிறக்கும். வாணியம்பாடி இஸ்லாமியா கல்லூரியில் தமிழ்ப் பேராசிரியராக இருந்த கவிக்கோ அப்துல் ரகுமான் கஜலைத் தமிழுக்குக் கொண்டுவந்தார். 1999இல் அவருக்குச் சாகித்திய அகாதெமி விருது பெற்றுத் தந்த நூலின் பெயர் 'ஆலாபனை'. இப்படிப்பட்ட ஊர்க்காரர்கள் நீங்கள். கேட்பதற்கு வேறெங்கும் போய்ப் பயிற்சி எடுக்க வேண்டியதில்லை.

இப்போது உங்கள் அன்றாடத்துக்கு வருகிறேன். பஸ் நிறுத்தத்தில் ஒருவர் கைப்பேசியில் சுடோகு போடுகிறார். இன்னொருவர் குறுக்கெழுத்துக் கட்டத்தில் கடைசிச் சொல்லுக்குத் தவிக்கிறார். பக்கத்து டீக்கடையில் மெஸ்ஸியா ரொனால்டோவா என்ற வழக்கு, தீர்ப்பில்லாமல் நாளைக்குத் தள்ளிவைக்கப்படுகிறது. இவற்றை விட்டுவிட்டு இசைக்கு வாருங்கள் என்று சொல்ல நான் வரவில்லை. இவற்றில் இருக்கும் கவனத்தைப் பாட்டுக்கும் கொடுங்கள் என்று கேட்கவே வந்திருக்கிறேன்.

புதிர் ரசிகனுக்கு அந்நியமானதல்ல. வாணி ஜெயராமின் முதல் தேசிய விருது 1975இல் வந்த 'அபூர்வ ராகங்கள்' படத்துக்கு. ஒரு தகப்பனும் மகனும், ஒரு தாயும் மகளும், இடம் மாறி விழுந்த காதல். வேதாளம் விக்கிரமாதித்தனிடம் போட்ட உறவுமுறைப் புதிரை எடுத்து பாலசந்தர் படமாக்கினார். அந்தப் படத்தின் பாட்டுகளும் புதிர்களே. 'அதிசய ராகம்' தொடங்கும் மகதி, பாலமுரளிகிருஷ்ணா உருவாக்கிய, நான்கே சுரங்கள் கொண்ட ராகம். வாணி பாடிய 'ஏழு ஸ்வரங்களுக்குள்' ராகமாலிகை. ஒரு ராகம் எங்கே முடிந்து அடுத்தது எங்கே தொடங்குகிறது என்று கேட்டுக் கண்டுபிடிக்க எனக்கு நெடுங்காலம் பிடித்தது. இலங்கை வானொலியில் பி.எச்.அப்துல் ஹமீத் நடத்திய 'பாட்டுக்குப் பாட்டு' நிகழ்ச்சியும் புதிர்தான். கொடுத்த எழுத்தில் பாட்டைப் பிடிக்க வேண்டும். எத்தனை வீடுகளில் எத்தனை பேரின் ஞாபகத்தை அது தீட்டியது! சுடோகு கட்டத்தை நிரப்பியதும் மடித்து வைத்துவிடுகிறோம். ராகம் மாறும் இடத்தைக் கண்டுபிடித்த பிறகோ, அந்த இடத்துக்காகவே பாட்டை மறுபடி போடுகிறோம்.

கால்பந்துப் பேச்சுக்காரர்களிடம் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. அவர்கள் மறப்பதில்லை. 1960 ரோம் ஒலிம்பிக்கில் பெருவுக்கு எதிராகத் தஞ்சாவூர்க்காரர் சைமன் சுந்தரராஜ் போட்ட கோல்தான் ஒலிம்பிக் கால்பந்தில் இந்தியா இதுவரை போட்ட கடைசி கோல். அதை இன்றும் சொல்லிக்கொண்டிருப்பவர்கள் ரசிகர்களே. இன்னொன்றும் கவனித்திருக்கிறேன். கோல் போட்டவர் பெயரோடு நிறுத்துபவரை அவர்கள் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. பந்தைக் கொடுத்தது யார், அதற்கு முன்னால் எதிராளியிடமிருந்து பறித்தது யார், ஓடி இடத்தைத் திறந்துவிட்டது யார் என்று பின்னோக்கிப் போவார்கள்.

பாட்டு ரசிகர்களான நாம் அப்படிப் போகிறோமா? நம் பழைய சினிமா இசைத்தட்டுகளில் பாடியவர், எழுதியவர், இசையமைத்தவர் பெயர் இருக்கும். வயலின் வாசித்தவர் பெயரைத் தேடினால் பெரும்பாலும் கிடைக்காது. இளையராஜாவின் பாடல்களில் நாம் உருகிய குழல் பலவும் நெப்போலியனின் மூச்சு. 1986இல் வந்த 'ஹவ் டு நேம் இட்' தொகுப்பின் வயலின் வி.எஸ்.நரசிம்மனின் வில். இந்தப் பெயர்களைத் தேடிப்பிடித்து எழுதி வைத்தவர்கள் ரசிகர்கள். திரைப்பாடல் வரலாற்றைத் 'திரை இசை அலைகள்' என்று தொகுதி தொகுதியாக எழுதிய வாமனனை அந்த வரிசையில் முதலில் நினைக்கிறேன்.

இன்னும் ஓர் அடி பின்னால் போனால் தோலுக்கு வந்துவிடுவோம், உங்கள் ஊருக்கு.

மிருதங்கம் பலா மரத்தில் குடைந்தது. ஆனால் பேசுவது தோல். பசு, ஆடு, எருமை மூன்றின் தோலும் அதற்கு வேண்டும். எருமைத் தோல் வாராகி இழுத்துக் கட்ட, மற்றவை முகங்களில் பல அடுக்காக வரும். உங்கள் தோல் ஷாப்புகளில் குரோம் ஏற்றிப் பதனிடும் தோல் இதற்கு ஆகாது. இதற்குப் பச்சைத் தோலைக் கழுவி, மயிர் நீக்கி, உலர்த்தி எடுக்க வேண்டும். எந்தத் தோல் எந்த நாதம் தரும் என்று விரலால் தடவியே சொல்லிவிடுபவர்கள் உண்டு. பாலக்காடு மணி ஐயரின் வாசிப்பைப் புகழாத ரசிகர் இல்லை. அவருக்குப் பல்லாண்டு மிருதங்கம் செய்து கொடுத்த தஞ்சாவூர் பர்லாந்தின் பெயர் எத்தனை சபாக்களில் ஒலித்தது? டி.எம்.கிருஷ்ணா 2020இல் 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' என்ற நூலில் அந்தக் குடும்பத்தையும் அவர்களைப் போன்ற மற்றவர்களையும் பற்றி எழுதினார். பெரும்பாலும் தலித் குடும்பங்கள். ரசிகர்களோ தோலைத் தொட்ட கையை ஒதுக்கிவிட்டு அந்தத் தோல் பேசுவதை மட்டும் கேட்டுக் கண்ணீர் விட்டார்கள். அதை ரசனை என்று என்னால் ஏற்க முடியவில்லை.

இதை வேறெந்தக் கல்லூரியில் சொன்னாலும் விளக்க வேண்டியிருக்கும். ஆம்பூர், பேர்ணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை பிள்ளைகளுக்கு விளக்கம் வேண்டாம். உங்கள் அப்பா கையின் வாசம் உங்களுக்குத் தெரியும். அம்மா அப்பர் தைத்த ஷூ கடல் கடந்து போகிறது. அதன் நாக்கில் வெளிநாட்டு பிராண்டின் பெயர் இருக்கிறது, தைத்தவர் பெயர் இல்லை. செய்தவர் பெயர் காணாமல் போவது எப்படி என்று வீட்டுக்குள்ளிருந்தே பார்த்து வளர்ந்தவர்கள் நீங்கள். அதனால் மற்ற எவரையும்விட நல்ல ரசிகர்களாக ஆகும் தகுதி உங்களுக்கு இருக்கிறது என்று உறுதியாகச் சொல்கிறேன். பாடகி வாயை மூடியிருக்கும் அந்தச் சில நொடிகளில் யாருடைய கை வேலை செய்கிறது என்று கேட்க உங்களுக்குத் தோன்றும்.

நாளை முதல் வேலை, ஷிஃப்ட், லோன், கல்யாணம் என்று ஒவ்வொன்றாக வரும். பாட்டு காதில் விழுந்துகொண்டுதான் இருக்கும், பஸ்ஸிலும் கம்பெனியிலும் மண்டபத்திலும். ஆனால் காதில் விழுவது வேறு, கேட்பது வேறு. வாரத்தில் ஒரு பாட்டையாவது வேறு வேலை எதுவும் இல்லாமல் உட்கார்ந்து கேளுங்கள். முதல் முறை முழுதாக. இரண்டாம் முறை ஒரே ஒரு வாத்தியத்தை மட்டும் பின்தொடர்ந்து. பிறகு அதை வாசித்தவர் யார் என்று தேடுங்கள். கிடைத்தால் நண்பரிடம் சொல்லுங்கள். டீக்கடையில் மெஸ்ஸிக்காக வாதாடும் அதே வேகத்தோடு நெப்போலியனின் குழலுக்காகவும் வாதாடுங்கள்.

கல்லூரி முதல்வர் அவர்களுக்கு ஒரு விண்ணப்பம். ஒவ்வோர் ஆண்டும் நவம்பர் 30 அன்று, வேலூரில் பிறந்த அந்த ரசிகையின் பிறந்தநாளில், இந்த அரங்கை ஒரு மாலைக்குத் திறந்துவிடுங்கள். கச்சேரி வேண்டாம், சிறப்பு விருந்தினரும் வேண்டாம். நல்ல ஒலிபெருக்கி ஒன்று இருந்தால் போதும். மாணவர்கள் ஆளுக்கொரு பாட்டைக் கொண்டுவந்து போடட்டும், அதில் தங்களுக்குப் பிடித்த இடம் எது, ஏன் என்று சொல்லட்டும். பெற்றோர்களையும் அழையுங்கள், அவர்களுடைய பாட்டையும் போடுங்கள். மிருதங்கத்துக்குத் தோல் கட்டும் ஒருவரைக் கூட்டிவந்து முன்வரிசையில் உட்காரவைத்து, அவர் வேலையைப் பற்றிப் பேசச் சொல்லுங்கள். என்னிடம் வாணி ஜெயராமின் இசைத்தட்டுகள் இருக்கின்றன, அவற்றை நானே எடுத்துக்கொண்டு வருகிறேன்.