திங்கள் என்றால் எந்தத் திங்கள்?

(நம் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியது)



முதலில் ஒரு மன்னிப்பு. “திங்கள்தோறும் பராமரிப்புத் தொகையைக் கவரில் வைத்து, அலுவலகப் பெட்டியில் போடவும்” என்று லிஃப்ட் பக்கத்தில் நோட்டீஸ் ஒட்டியவன் நான்தான். மாதந்தோறும் என்ற பொருளில் எழுதினேன். புதிதாகக் குடிவந்த ஆச்சி ஒருவர், பென்ஷனில் வாழ்பவர், நான்கு திங்கட்கிழமைகளிலும் பணம் போட்டுவிட்டார். மாதக் கடைசியில் பெட்டியைத் திறந்தபோதுதான் தெரிந்தது.

“ஏன் ஆச்சி, எங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்கக்கூடாதா?” என்றேன்.

“எல்லாரும் கட்டுதாங்கன்னு நினைச்சேன் ராசா. அதான் பாலை நிறுத்திட்டேன்” என்றார்.

பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டோம். அந்தப் பால்தான் இன்னும் மனதை உறுத்துகிறது.

திங்கள் என்றால் நிலா. நிலா வளர்ந்து தேயும் காலம் மாதம், அதுவும் திங்கள். நிலாவுக்குரிய கிழமையும் திங்கள். ஒரு வேரில் மூன்று கிளை. நம் கடற்கரைச் சங்கும் அப்படித்தான். கோயிலில் ஊதுவது, பிள்ளைக்குப் பால் புகட்டுவது, மில்லில் வேலை நேரத்துக்கு ஒலிப்பது எல்லாமே சங்குதான்.

ஆறு அப்படியல்ல. நம் ஊர் வழியாக மன்னார் வளைகுடாவுக்குப் போகும் வைப்பாறு, ஐந்துக்கு அடுத்த ஆறு, “காபி ஆறுது” என்கிற ஆறு ஆகியவற்றுக்குள் பொருளில் உறவில்லை. இப்படிப்பட்ட சொற்களைத் திரட்டவே திவாகர நிகண்டு தன் 12 தொகுதிகளில் 11ஆவதை ஒதுக்கியது. காளமேகம் இவற்றை வைத்துத்தான் பாம்பையும் வாழைப்பழத்தையும் ஒரே பாட்டில் சேர்த்தார்.

எழுத்து வேறானாலும் நம் வாயில் ஒன்றாகிவிடுபவையும் உண்டு. நம் பக்கத்தில் ழகரம் பலருக்கு ளகரமாகவே வரும். “வாள வாங்கிட்டு வா” என்று போனில் சொன்னால், வருவது வாழைப்பழமா, வாளை மீனா? சைவ வீட்டில் இது சின்ன விஷயமில்லை!

பாட்டில் இரண்டு பொருள் வந்தால் அழகு. நோட்டீஸில் வந்தால் யாருக்கோ நஷ்டம். ஆகவே இனி “மாதந்தோறும்” என்றே எழுதுவோம். கிழமையோடு தேதியையும் போடுவோம். ஒட்டுவதற்கு முன் இன்னொருவரிடம் காட்டி, “உங்களுக்கு என்ன புரியுது?” என்று கேட்போம்.

உங்களிடமும் ஒரு வேண்டுகோள். பக்கத்து வீட்டில் தனியாக இருக்கும் பெரியவர்களுக்கு நோட்டீஸை ஒருமுறை வாசித்துச் சொல்லுங்கள். ஐந்து நிமிடம்கூட ஆகாது.