காய்ச்சலுக்குப் பயந்த கதை

நம்ம கெங்குவார்பட்டியிலே நானும் ஒரு பிள்ளைக்குத் தகப்பன்.

ஆறாவது வாரம் தொடையிலே ஊசி போட்ட ராத்திரி, பிள்ளைக்கு உடம்பு அனலாய்க் கொதித்தது. "இனிமே ஊசியே வேண்டாம்ப்பா" என்றார் என் தாயார். 10-வது வாரத்துக்குக் கூட்டிப் போகவில்லை.

கிராம செவிலியர் வீடு தேடி வந்தார். பிள்ளையை எடை பார்த்தார். "இந்தக் காய்ச்சல் ரெண்டு நாளிலே போயிரும். கக்குவான் இருமலும் தொண்டை அடைப்பானும் வந்தா உயிருக்கே ஆபத்துண்ணே. விட்ட இடத்திலிருந்து போடலாம், முதல்லேருந்து வேண்டாம்" என்றார்.

அடுத்த புதன்கிழமையே போட்டோம். 9 மாதம் முடிந்ததும் தட்டம்மை ஊசியும் ஆயிற்று.

2014-ல் போலியோ ஒழிந்த நாடு என்று நமக்குச் சான்று கிடைத்தது, பெற்றவர்கள் விடாமல் சொட்டு மருந்து கொடுத்ததால்தான்.

தடுப்பூசி அட்டையைப் பத்திரமாக வையுங்கள். தேதி தவறினாலும் கூச்சப்படாமல் வாருங்கள்.