தலையைத் திறக்காமல் ஒரு சிகிச்சை
(ஆதரவாளர் கூடுகையில் மருத்துவமனைப் போதகர் ஆற்றிய உரை)

கிறிஸ்துவுக்குள் பிரியமான சகோதர சகோதரிகளே,



மூளையின் இரத்தக்குழாயில் ஓரிடம் பலவீனப்பட்டு, பழைய சைக்கிள் டியூபைப்போலப் புடைத்துக்கொள்வதுண்டு. பலருக்கு அது எந்தத் தொல்லையும் தருவதில்லை. வெடித்துவிட்டாலோ, வாழ்நாளில் கண்டிராத தலைவலி இடிபோல் இறங்கும். வாந்தி வரும், கழுத்து விறைக்கும், நினைவு தப்பும். அந்த வேளையில் தைலம் தேய்த்துக்கொண்டு காத்திருக்க வேண்டாம். மறுபடி வெடிக்கும் ஆபத்து முதல் 24 மணி நேரத்திலேயே மிக அதிகம்.

முன்பெல்லாம் மண்டையோட்டைத் திறந்து, புடைப்பின் கழுத்தில் கிளிப் போடுவார்கள். 1990-இல் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில், டாக்டர் குக்லியெல்மி என்னும் இத்தாலியரும் அவரோடிருந்தவர்களும் வேறொரு வழியைக் கையாண்டார்கள். தொடையிடுக்கிலுள்ள இரத்தக்குழாய் வழியாக நுண்ணிய குழாயொன்றைச் செலுத்தி, எக்ஸ்ரே திரையைப் பார்த்தபடியே மூளைவரை கொண்டுபோய், மெல்லிய பிளாட்டினக் கம்பிச்சுருளைப் புடைப்புக்குள் வைப்பார்கள். சிறிதளவு மின்சாரம் செலுத்தியதும் சுருள் கழன்று அங்கேயே தங்கிவிடும். சுற்றிலும் இரத்தம் உறைந்து புடைப்பு அடைபடும்.

இரு முறைகளுக்கும் ஏற்ற 2143 நோயாளிகளைக் கொண்டு நடந்த ஆய்வின் முடிவு 2002-இல் வெளியானது. ஓராண்டுக்குப்பின் மரித்தவர்களும் பிறர் தயவிலேயே வாழ்ந்தவர்களும், கிளிப் போட்டவர்களில் 100-க்குச் சுமார் 31 பேர். சுருள் வைத்தவர்களில் 24 பேர். எல்லாப் புடைப்புக்கும் சுருள் பொருந்தாது. சிலருக்கு இன்றும் கிளிப்பே நல்லது. எதைச் செய்தும் பிழைக்காதவர்களும் உண்டு. அவர்களுடைய வீட்டாரோடும் நாங்கள் அமர்ந்திருக்கிறோம்.

ஒருவருக்கே பல சுருள்கள் தேவைப்படும். அவற்றின் விலை ஏழைக் குடும்பத்தைத் திகைக்க வைக்கும். தாலிக்கொடியை அடகு வைக்கலாமா என்று எங்களிடம் கேட்ட தாய்மார் உண்டு. மருத்துவர் பதிலுக்குக் காத்திருக்கிறார், நேரமோ ஓடுகிறது. "ஜெபிப்போம் அம்மா" என்று மட்டும் சொல்லி எழுந்துவர எங்களால் கூடவில்லை. ஏழை நோயாளர் நிதியில் பணம் இருக்கும் நாளில், "சிகிச்சை நடக்கட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்றும் சொல்ல முடிகிறது.

திமிர்வாதக்காரனைச் சுமந்துவந்து கூரைவழியாய் இறக்கிய நாலுபேரின் பெயர் வேதத்தில் இல்லை. அவர்கள் சுமந்திராவிட்டால் அவன் வாசலுக்கும் வந்திருக்கமாட்டான். உங்கள் காணிக்கையால் பிழைத்து வீடு திரும்புகிறவர்களுக்கும் உங்கள் பெயர் தெரியாது. ஆண்டவருக்குத் தெரியும்.

தொடர்ந்து ஜெபியுங்கள், தொடர்ந்து தாங்குங்கள். தேவன் உங்கள் குடும்பங்களை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.